டிராப்டவுனில் இல்லாத பிள்ளை

போன எபிசோட் முடிவில் "அடுத்தது எங்க ஊர் தூத்துக்குடி, முத்துக்குளிப்பு" என்று சொல்லியிருந்தேன். முத்து இதிலும் வரும், ஆனா கொஞ்சம்தான். ரெக்கார்டிங்குக்காகப் படிக்க ஆரம்பிச்சப்போ பாதை வேற பக்கம் திரும்பிடுச்சு. அதனால இது எங்க கடற்கரையில மனசு சம்பந்தப்பட்ட சிக்கலோட பிறந்த, வளர்ந்த பிள்ளைகளைச் சட்டமும் அரசாங்கமும் நாங்களும் என்னன்னு பேர் சொல்லிக் கூப்பிட்டோம் என்பதைப் பத்தின எபிசோட். வழக்கம்போல, பேசினதைக் கொஞ்சம் சீராக்கி இங்க எழுத்தில் போட்டிருக்கேன்.

எனக்கு ஒரு தம்பி. சித்தி பையன். 2001-ல பிறந்தான், என்னைவிட நாலு வயசு சின்னவன். மூணு வயசு வரைக்கும் பேச்சு வரல. தண்ணி வேணும்னா கேட்க மாட்டான்; நம்ம கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் பானை மேல வைப்பான். கை மட்டும்தான் அவனுக்கு வேணும், முகத்தைப் பார்க்க மாட்டான். துறைமுகத்துல கப்பல் ஹாரன் அடிச்சா காதைப் பொத்திக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிடுவான். ஆச்சி சொல்வாங்க, "சில பிள்ளைக லேட்டாத்தான் பேசும். உங்க தாத்தா அஞ்சு வயசுலதான் பேசினாக." தாத்தா உண்மையிலேயே அஞ்சு வயசுலதான் பேசினாரான்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

நான் சாஃப்ட்வேர் ஆள். ஒரு ஃபார்ம் டிசைன் பண்ணும்போது டிராப்டவுன்ல என்னென்ன ஆப்ஷன் வைக்கிறோமோ, அதுக்குள்ளதான் யூசர் அடங்கணும். ஆப்ஷன் இல்லேன்னா அவன் பக்கத்துல இருக்கிற ஏதோ ஒண்ணைத் தேர்ந்தெடுப்பான். டேட்டாபேஸில அது உண்மையாவே பதிவாகிடும். இந்த எபிசோடுக்காகப் பழைய சட்டங்களைத் திறந்து படிச்சப்போ, நான் பார்த்தது முழுக்க ஒரு மோசமான டிராப்டவுன்.

1912-ல இருந்து தொடங்குவோம். இந்திய லூனசி சட்டம். அதுல 'லூனடிக்' என்பதற்கு ஒரே வரியில் விளக்கம்: இடியட், அல்லது சித்தம் சரியில்லாதவர். அவ்வளவுதான். 'இடியட்' அன்னிக்கு வசவு கிடையாது, சட்டச் சொல். பிறந்ததிலிருந்தே அறிவு வளர்ச்சி குறைவா இருக்கிறவங்களைக் குறிக்கும். நல்லா இருந்து முப்பது வயசுல மனநோய் வந்த ஒருத்தரும், பிறந்ததிலிருந்தே மெதுவா வளர்ற ஏழு வயசுக் குழந்தையும் ஒரே பெட்டிக்குள்ள. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அதே வெள்ளைக்காரன் தன் நாட்டில் 1886-லேயே இந்த ரெண்டு பேரையும் பிரிச்சு தனிச் சட்டம் போட்டுட்டான். தனக்கு ஒரு வெர்ஷன், நமக்கு பழைய வெர்ஷன்.

இந்தப் பெட்டியில விழுந்தவங்க போக வேண்டிய இடம் அசைலம். சென்னையில 1794-ல வாலண்டைன் கனோலி என்ற சர்ஜன் தொடங்கின விடுதிதான் பின்னாடி, 1871-ல, கீழ்ப்பாக்கத்துக்குப் போச்சு. தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-ல். ஆக 1912 சட்டம் வந்தப்போ, எங்க ஊர்ல இருந்து ஒரு பிள்ளையைக் கீழ்ப்பாக்கம் கூட்டிட்டுப் போகணும்னா ரயில்ல அறுநூறு கிலோமீட்டர். கூட்டிட்டுப் போனாலும் அங்க குழந்தைக்குன்னு செய்ய என்ன இருந்தது? குழந்தைகளின் மனசைப் பார்க்கத் தனியா கிளினிக் என்பது இந்தியாவில் வந்ததே 1937-ல்தான். அதுவும் பம்பாயில், இன்னைக்கு டாட்டா சமூக அறிவியல் கழகம்னு சொல்றோமே, அங்க.

பக்கத்துல வேற ஒண்ணு இருந்தது. பாளையங்கோட்டை. எங்க ஊர்ல இருந்து ஒரு மணி நேர பஸ். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரி அங்க காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினாங்க. இன்னைக்கும் நடக்குது. எனக்கு இது ஏன் முக்கியமாப் படுதுன்னா, அந்தக் காலத்துல 'ஊமை' என்ற ஒரு பேருக்குள்ள எத்தனை விதமான பிள்ளைக இருந்திருப்பாங்க? காது கேட்காததால பேசாதவன், காது நல்லாக் கேட்டும் பேசாதவன். முதல் பிள்ளைக்கு ஒரு கதவு திறந்தது. ரெண்டாவது பிள்ளைக்கு உலகத்துலயே இன்னும் பேர் வைக்கல.

அந்தப் பேர் வந்த கதையும் நேரா இல்ல. 1920-களிலேயே மாஸ்கோவில் கிரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் இப்படிப்பட்ட ஆறு பையன்களைப் பத்தி விவரமா எழுதியிருக்காங்க. யாரும் பெருசாக் கண்டுக்கல. 1943-ல அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பத்தி எழுதின கட்டுரைக்குப் பிறகுதான் 'ஆட்டிசம்' என்ற சொல் குழந்தைகளோட ஒட்டிக்கிச்சு. ஒட்டின கையோட ஒரு பழியும் வந்தது: அம்மா பாசமில்லாம வளர்த்ததால்தான் பிள்ளை இப்படி ஆச்சு என்று. 'ஃப்ரிட்ஜ் மாதிரி ஜில்லுன்னு இருக்கிற அம்மா' என்று பேரே வச்சாங்க. 1964-ல பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அவரே ஒரு ஆட்டிசக் குழந்தையின் அப்பா, இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, வளர்ப்பு இல்ல என்று புத்தகம் எழுதினார். 1964. எங்க தெருவுல 2004-ல என் சித்தியைப் பார்த்து, "நீ வேலைக்குப் போறதாலதாம்ளா பிள்ளை பேச மாட்டேங்கான்"னு சொன்னாங்க. நாற்பது வருஷம் லேட்டா வந்த அப்டேட்கூட இல்ல அது, அப்டேட்டே வரல.

அப்போ எங்க ஊர்ல இருந்த வழி என்ன? நேர்ச்சை.

எங்க கடற்கரையை மேப்ல பாருங்க. கன்னியாகுமரி பக்கத்துல இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் மன்னார் வளைகுடா. ஐரோப்பியர்கள் முத்துக்குளித்துறைன்னு எழுதி வச்ச கரை. உவரியில் அந்தோணியார். உள்ள தள்ளிப் புளியம்பட்டியில் இன்னொரு அந்தோணியார். வடக்கே ஏர்வாடியில் சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீத் தர்கா. 'மனசு சரியில்ல' என்றால் ஜாதி, மதம் பார்க்காம சனங்க போற இடங்கள் இவை. இந்து அம்மா அந்தோணியார் முன்னால அழுவாங்க, கிறிஸ்தவ அம்மா தர்காவுல தங்குவாங்க.

இதை 'மூடநம்பிக்கை'ன்னு ஒரே வார்த்தையில் முடிச்சிருவேன் நான், காலேஜ் படிக்கிற வரைக்கும். இப்போ அப்படிச் சொல்ல முடியல. எனக்கு எட்டு, ஒன்பது வயசு இருக்கும். ஆச்சி தம்பியையும் என்னையும் ஒரு வழிபாட்டுத் தலத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எந்த இடம்னு சொல்லல, தேவையும் இல்ல. மூணு நாள் தங்கினோம். தம்பி மண்ணுல உருண்டான், கத்தினான், ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கல. எங்க தெருவுல அவன் கத்தினா ஜன்னல் ஜன்னலா தலை வரும். இங்க எல்லார் வீட்டுலயும் ஒரு தம்பி. ஆச்சி வேற ஒரு ஆச்சியோட உட்கார்ந்து வெத்தலை போட்டுக்கிட்டு, மூணு வருஷமா வீட்டுல பேசாததை எல்லாம் பேசினாங்க. இன்னைக்கு 'பேரண்ட் சப்போர்ட் குரூப்'னு வாட்ஸாப்பில் இருக்கே, கிட்டத்தட்ட அதுதான்.

ஆனா அங்கதான் இன்னொண்ணும் பார்த்தேன். என் வயசுப் பையன் ஒருத்தன், வேப்பமரத்தடியில். காலில் சங்கிலி. ஆடு கட்டுற மாதிரி மெல்லிசான சங்கிலி, கணுக்கால்ல துணி சுத்தி அதுக்கு மேல கட்டியிருந்தாங்க. நான் கோலிக்குண்டு ஒண்ணை உருட்டி விட்டேன். அவன் அதை எடுத்து வெயிலுக்கு நேரா பிடிச்சுப் பார்த்தான். சிரிச்சான். திருப்பித் தரல. அவங்க அம்மா சோத்துச் சட்டியோட வந்து, நான் பார்க்கிறதைப் பார்த்துட்டு, கேட்காமலேயே சொன்னாங்க: "ரோட்டுக்கு ஓடிருதான் தம்பி. லாரி வருது. நான் ஒருத்திதான்." சங்கிலி கட்டினவங்கதான் துணியும் சுத்தியிருக்காங்க. இதை எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு எனக்கு இருபது வருஷமாத் தெரியல.

இனி ஏர்வாடி. தம்பி பிறந்த அதே வருஷம், 2001 ஆகஸ்ட் 6, விடியறதுக்கு முன்னாடி. தர்காவைச் சுத்தி அப்போ தனியார் நடத்தின மனநலக் காப்பகங்கள் நிறைய. சட்டம் கேட்கிற லைசென்ஸ் இல்லாம நடந்தவை. அதில் ஒண்ணு, மொய்தீன் பாதுஷா காப்பகம். ஓலைக் கொட்டகை. தீப்பிடிச்சுது. உள்ள இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க சங்கிலியில். ஓட முடியல. அன்னைக்கே 25 பேர் இறந்தாங்க; கடைசியில் எண்ணிக்கை 28. உச்ச நீதிமன்றம் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கை எடுத்துச்சு. அந்த வழக்கோட தலைப்பிலேயே 'சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 25 பேரின் மரணம்' என்று இருக்கு. தமிழ்நாடு அரசு நீதிபதி ராமதாஸ் தலைமையில் கமிஷன் போட்டது, ஒரே வாரத்துல அங்கிருந்த காப்பகங்களை மூடி, ஐநூறுக்கும் மேற்பட்டவங்களைத் தன் பொறுப்புல எடுத்துக்கிச்சு. ஒவ்வொரு மாநிலமும் மாவட்ட வாரியா இப்படிப்பட்ட இடங்களைக் கணக்கெடுக்கணும் என்று 2002-ல உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது.

ஏர்வாடியைப் பத்திப் பேசும்போது எல்லாரும் சங்கிலியைப் பத்திப் பேசுவாங்க. நான் டிராப்டவுனைப் பத்திக் கேட்கிறேன். அப்போ நடைமுறையில் இருந்தது 1987 மனநலச் சட்டம், 1993-ல அமலுக்கு வந்தது. 1912-ஐ ஒழிச்சாங்க, 'லூனடிக்' போச்சு. புதுச் சட்டத்துல 'மனநோயாளி' யாருன்னா, அறிவு வளர்ச்சிக் குறைபாடு தவிர மற்ற மனக்கோளாறுகளுக்காகச் சிகிச்சை தேவைப்படறவர். 'தவிர' என்ற அந்த வார்த்தையைக் கவனிங்க. சரியான திருத்தம்தான், வளர்ச்சிக் குறைபாடு நோய் இல்லையே. ஆனா ஒரு பெட்டியில இருந்து எடுத்தா இன்னொரு பெட்டியில வைக்கணும்ல? அந்தப் பெட்டி வர 1995 ஆச்சு. மாற்றுத்திறனாளிகள் சட்டம். அதுல ஏழு வகை. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உண்டு, மனநோய் உண்டு. ஆட்டிசம் இல்ல. கற்றல் குறைபாடு இல்ல.

1999-ல நேஷனல் டிரஸ்ட் சட்டம் வந்தப்போதான் ஆட்டிசம் என்ற சொல் இந்தியச் சட்டப் புத்தகத்துல ஏறிச்சு. காப்பாளர் நியமனம் மாதிரி விஷயங்களுக்கு அது பெரிய உதவி. ஆனா பஸ் பாஸ், உதவித்தொகை, படிப்பு, வேலை எல்லாத்துக்கும் கேட்கிற அந்தச் சான்றிதழ் 1995 சட்டத்தின் ஏழு வகையிலதான் ஓடிச்சு.

இங்கதான் எங்க வீட்டுக் கதை வருது. தம்பிக்கு ஒன்பது வயசுல சென்னையில வச்சு ஆட்டிசம்னு சொன்னாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு பள்ளிக்கூடம் "உங்க பையனுக்கு இங்க ஒத்து வராது"ன்னு திருப்பி அனுப்பிடுச்சு. ஒரு டாக்டர் வெறும் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். சான்றிதழ் வாங்கப் போனப்போ ஆட்டிசம் என்ற வகையே இல்ல. அதனால 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று எழுதி, ஒரு ஐ.க்யூ எண்ணும் போட்டாங்க. பேச வைத்து எடுக்கிற பரீட்சையில பேசாத பிள்ளைக்கு என்ன மார்க் வரும்? அந்த எண் பல வருஷம் அவன் ஃபைல்ல முதல் பக்கத்துல இருந்தது. பார்த்தவங்க எல்லாம் அதைப் படிச்சுட்டுத்தான் அவனைப் பார்த்தாங்க.

நான் மட்டும் என்ன ஒழுங்கா? அவன் கொஞ்ச நாள் என் ஸ்கூல் வேன்ல வந்தான். முன் சீட்டுல முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே இருப்பான். ஒருநாள் பசங்க "அது உன் தம்பியாலே?"ன்னு கேட்டாங்க. "இல்ல, பக்கத்து வீடு"ன்னேன். அவனுக்குக் காது நல்லாக் கேட்கும். அதை நான் மறந்துட்டேன்.

2016 டிசம்பர்ல மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறினது. ஏழு வகை 21 ஆச்சு. ஆட்டிசம் உள்ள வந்தது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் வந்தது. எழுத்துக் கூட்ட முடியாம 'மண்டு'ன்னு பேர் வாங்கி பெஞ்சு மேல நின்ன பிள்ளைகளுக்கும் முதல்முறையா ஒரு வரிசை. அடுத்து 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். யாரையும் எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 95-ஆவது பிரிவு நேரடியாகவே சொல்லுது. பிள்ளைகளுக்கு 87-ஆவது பிரிவு முக்கியம்: 18 வயசுக்குக் கீழே உள்ளவங்களை மருத்துவமனையில் சேர்த்தா பெரியவங்களிடமிருந்து பிரிச்சு வைக்கணும், வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே தங்கணும், 72 மணி நேரத்துக்குள் மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்கணும்.

இந்தச் சட்டம் அமலுக்கு வந்த தேதி 2018 மே 29. தூத்துக்குடிக்காரங்களுக்கு அந்த வாரம் என்னன்னு சொல்ல வேண்டியதில்ல. மே 22 துப்பாக்கிச்சூடு, 13 பேர். ஊர்ல இன்டர்நெட்டை நிறுத்தி வச்சுத் திரும்ப விட்ட கையோட இந்தச் சட்டம் வந்திருக்கு. எங்க ஊர்ல ஒருத்தர்கூட அதைக் கவனிச்சிருக்க மாட்டாங்க. அன்னைக்கு ரோட்டுல ஓடின பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மனசைப் பத்தித் தனியா ஒரு எபிசோட் செய்யணும். அதுக்கு இன்னும் தைரியம் வரல.

சரி, முத்து வரும்னு சொன்னேன்ல. பழைய முத்துக்குளிப்புல 'கடல்கட்டி'ன்னு ஒருத்தர் இருப்பார். சுறாவோட வாயை மந்திரத்தால கட்டுறவர். அவர் கரையில நின்னு ஓதாம குளியாள் கடல்ல இறங்க மாட்டாங்க. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மந்திரத்துல நம்பிக்கை இல்ல, ஆனா முத்து வேணும். அதனால கடல்கட்டிக்கு அரசாங்கக் கணக்குலயே கூலி போட்டு வச்சாங்க. தூத்துக்குடியில கடைசி முத்துக்குளிப்பு 1961-ல முடிஞ்சுது, கடல்கட்டியும் போயாச்சு. ஏர்வாடி தர்காவில் பின்னாடி அரசு கொண்டுவந்த 'தவா-துஆ' திட்டத்தைப் படிச்சப்போ எனக்கு இவர்தான் ஞாபகம் வந்தார். தவா என்றால் மருந்து, துஆ என்றால் வேண்டுதல். தர்காவுக்கு வர்றவங்களைத் திருப்பி அனுப்பாம, அங்கேயே மனநல மருத்துவரை உட்கார வைக்கிறது. குஜராத்தில் மீரா தாத்தார் தர்காவில் முன்னாடியே செஞ்சு பார்த்த முறை. நம்ம ஊரில் குணசீலம் கோயிலுக்கும் கொண்டுபோனாங்க. சில பகுத்தறிவு நண்பர்களுக்கு இது பிடிக்காது, எனக்குத் தெரியும். எங்க ஆச்சியை நினைச்சுப் பார்க்கிறேன். அன்னைக்கு அந்த மூணு நாள்ல, வெத்தலை போட்ட இடத்துக்குப் பக்கத்துல ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் உட்கார்ந்திருந்தா, தம்பிக்கு அஞ்சு வயசுலயே தெரிஞ்சிருக்கும். நாலு வருஷம் மிச்சம். இந்த வயசுல நாலு வருஷம்னா சின்ன விஷயம் இல்ல.

எண்களும் ரெண்டு சொல்லிடறேன். 2018-ல வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயசுப் பிள்ளைகளைப் பார்த்தது. ஆட்டிசம், ஏடிஎச்டி, வலிப்பு, காது, பார்வை என்று ஒன்பது வகையில் ஏதாவது ஒண்ணாவது இருந்தவங்க சுமார் 12 சதவீதம், ஏறக்குறைய எட்டுல ஒரு பிள்ளை. தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 2015-16, நிம்ஹான்ஸ் நடத்தினது: 13 முதல் 17 வயசுக்குள்ள 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு. ஒரு கிளாஸ்ல நாற்பது பேர்னா மூணு பேர். நீங்க படிச்ச கிளாஸை நினைச்சுப் பாருங்க, அந்த மூணு பேர் யாருன்னு இப்போ உங்களுக்கே தெரியும்.

எங்க பக்கம் எனக்கு நம்பிக்கை கொடுத்த ஒண்ணு, ஆய்க்குடி அமர் சேவா சங்கம். தென்காசி பக்கம். கடற்படைத் தேர்வில் 1975-ல முதுகுத்தண்டில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல தொடங்கினது. அவங்க கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வளர்ச்சி தாமதமா இருக்கிற குழந்தைகளின் வீட்டுக்கே அனுப்பறாங்க. அதுக்காக ஒரு ஆப் வச்சிருக்காங்க. குழந்தை உட்காருதா, கூப்பிட்டா திரும்புதா, ஒவ்வொரு வாரமும் பதிவு. நான் பத்து வருஷமா கோட் எழுதறேன்னு பீத்திக்கிறேன். நான் எழுதினதெல்லாம் யாரோ ஒருத்தர் செருப்பு வாங்க உதவியிருக்கு.

அரசுத் திட்டத்துலயும் வழி இருக்கு. 2013-ல வந்த ஆர்பிஎஸ்கே திட்டத்துல அங்கன்வாடியிலும் பள்ளியிலும் 18 வயசு வரைக்கும் பிள்ளைகளைப் பரிசோதிப்பாங்க, வளர்ச்சித் தாமதம் தெரிஞ்சா மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவாங்க. உங்க வீட்டுல ரெண்டு வயசுப் பிள்ளை கூப்பிட்டா திரும்பலேன்னா, பேசலேன்னா, 'தாத்தாவும் இப்படித்தான்' கதையைக் கேட்டுக்கிட்டே அந்த மையத்துக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. உங்களுக்கே மனசு சரியில்லேன்னா டெலி மானஸ், 14416. தமிழ்ல பேசலாம், காசு இல்ல.

தம்பிக்கு இப்போ இருபத்தி நாலு. கொஞ்சம் பேசுவான், நிறைய டைப் பண்ணுவான். 2019-ல சித்தி புதுச் சான்றிதழுக்காக மறுபடி வரிசையில நின்னாங்க. இந்த முறை ஃபார்ம்ல ஆட்டிசம் இருந்தது. கவுண்டர்ல பழைய சான்றிதழை ஒப்படைக்கச் சொன்னாங்க. சித்தி "ஒரு நிமிஷம்"னு சொல்லிட்டு வெளிய போய் அதை ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துதான் கொடுத்தாங்க. எதுக்குன்னு கேட்டேன். "நான் பட்டதுக்கு ஒரு அத்தாட்சி வேண்டாமா"ன்னாங்க.

இந்த எபிசோட் போடலாமான்னு ரெண்டு பேர்கிட்டயும் கேட்டேன். சித்தி, ஊர் பேர் சொல்லு, என் பேர் சொல்லாதேன்னாங்க. தம்பிக்கு ஸ்கூல் வேன் பகுதியையும் சேர்த்து முழுசா அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்தது: "நீ அன்னைக்கு நீலக் கலர் பை வச்சிருந்த. மூணாவது சீட். போடு."

போட்டுட்டேன். அடுத்த வாரம் பார்ப்போம்.